ஒழுக்கத்தின் அடித்தளம் யாது?

இறைவனை நம்பாதவரிடம் ஒழுக்கம் இராது என்று நம் மேடைகளில் சிலர் முழங்குகின்றனர். கோபிசெட்டிபாளையத்தில் வாழும் நாம் இதனை ஏற்பதற்கில்லை. அண்டை நகராகிய ஈரோட்டில்தான் 1879இல் பெரியார் ஈ.வெ.ரா. பிறந்தார், 1925இல் 'குடிஅரசு' இதழைத் தொடங்கியதும் அங்கேதான். கடவுளை மறுத்த அவர், 1973இல் மறையும்வரை தீண்டாமையை எதிர்த்து நின்றார். கடவுளின் பெயரை உச்சரித்துக்கொண்டே தேநீர்க் கடையில் தனிக்குவளை வைத்தவர்களைவிட நியாயம் அவர் பக்கமே இருந்தது. இதை மறுப்பது பொய்ச்சாட்சியாகும். ஒரு கூட்டத்தார்மீதுள்ள பகைமைகூட நம்மை நீதியினின்று பிறழச் செய்யலாகாது என்பது திருமறையின் கட்டளையன்றோ!

நம் அறிஞர்களுக்கும் இது புதிதன்று. ஹிஜ்ரி 333இல் மறைந்த சமர்கந்து இமாம் மாதுரீதி (ரஹ்) அவர்கள், நன்மை தீமைகளுள் பலவற்றை அறிவே கண்டுகொள்ளும் என்றார்கள். ஹனஃபிகளுள் பெரும்பாலோர் கொள்கையில் பின்பற்றுவது அவர்களைத்தான். ஆகவே நாத்திகர் நல்லதை அறிவதில் வியப்பில்லை. அவருக்கும் அறிவை அருளியவன் அவனே.

ஆனால் வினா அதுவன்று. நல்லதை அறிந்தவன் அதற்குக் கட்டுப்பட்டே தீரவேண்டும் என்பதற்கு ஆதாரம் எது? சமுதாய நலமே போதும் என்பர் பகுத்தறிவாளர். சமுதாயம் என்பது யார்? தாழ்த்தப்பட்டோருக்குத் தனிக்குவளை என்று ஊரார் ஒருமனதாக ஒப்பியபோது அதுவும் சமுதாயத்தின் முடிவுதானே! பலரின் நலமே அளவுகோலானால், சிலர் மிதிபடுவதைக் குற்றமெனச் சொல்ல இடமேது? இரக்கம் போதும் என்பாரும் உளர். அது உற்றாரிடம் பெருகுகிறது, அயலாரிடம் வற்றுகிறது. ஊரே திரண்டு ஒப்பினாலும் இது அநீதி என்று பெரியார் உரைத்தபோது, ஊருக்கு மேற்பட்ட ஒரு நீதியையே அவர் சாட்சிக்கு அழைத்தார். அந்நீதி மனிதன் ஆக்கியதாயின் மனிதனே அதை அழிக்கவும் கூடும். மனிதனுக்கும் மேற்பட்டதாயின், அதன் உடையவன் யார் என்பதே நம் வினா.

மதத்தின் பெயரால்தானே இழிவுகள் நடந்தன என்பர். உண்மைதான். ஆயினும் மஞ்சள் மண்டியில் ஒருவன் கள்ள எடைக்கல் வைத்தால், எடையே பொய் என்று யாரும் கூறார். சரியான கல் ஒன்று இருப்பதனாலேயே அது கள்ளம் எனத் தெரிகிறது.

இறைவன் ஏவியதால் ஒன்று நன்மையாயிற்றா, நன்மையாதலால் ஏவினானா என்று மடக்குவோரும் உளர். முஃதஸிலாக்கள் காலந்தொட்டு நடந்துவரும் வாதம் இது. இறைவன் ஹகீம், ஞானமுடையோன். அவன் ஏவல் காரணமற்ற விருப்பமன்று. நன்மை அவனுக்கு வெளியே நின்று அவனை ஆளும் சட்டமுமன்று. அவனது ஞானத்தினின்றே இரண்டும் வருகின்றன.

இத்துடன் நாத்திகரை வென்றுவிட்டோம் என்று களிப்போர் சற்றுப் பொறுக்கட்டும். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்தினராகிய நாம், தறிக்காரனின் கூலியை நாளை நாளையென இழுத்தடித்தால் இவ்வாதங்களால் யாருக்கு என்ன பயன்? நாத்திகர் கேட்கும் வினாவுக்கு நம் கிதாபுகளில் விடை உண்டு. அதே விடையை நம் கடைகளிலும் கணக்கேடுகளிலும் காண அவர் உரிமையுடையவர்.