கல்வராயன் மலையில் கனிமத் தேடலும் பழைய குவாட் பைக்கும்

குவாட் பைக் என்பது காற்றழுத்தம் குறைந்த நான்கு அகன்ற டயர்களும், இருசக்கர வாகனத்தின் கைப்பிடியும், இருபுறமும் கால்போட்டு அமரும் இருக்கையும் கொண்ட சிறு வண்டி. ஏ.டி.வி. என்றும் அழைப்பதுண்டு. சாலை முடிந்த இடத்திலிருந்து மாதிரி எடுக்கும் இடம் வரை ஆளையும் கருவிகளையும் கொண்டுசேர்ப்பதே கனிமத் தேடலில் அதன் வேலை. 1957-ஆம் ஆண்டின் கனிமங்கள் சட்டத்துக்கு வந்த 2021-ஆம் ஆண்டின் திருத்தம் அறிவிக்கை பெற்ற தனியார் ஆய்வு நிறுவனங்களுக்கு வழிவிட்டது. 2023-ஆம் ஆண்டின் திருத்தம் 29 கனிமங்களுக்கு ஆய்வு உரிமம் என்ற புதிய வகையைக் கொண்டுவந்தது. இதனால் சிறிய குழுக்களும் களத்துக்கு வர வழி பிறந்திருக்கிறது. புது வண்டிக்கு வசதியில்லாத குழு பழைய குவாட் பைக்கை நாடுவது இயல்பு. வாங்கலாமா என்ற கேள்விக்கு விடை தருபவை நிலத்தின் சரிவும் வண்டியின் ஆவணங்களுமே. எஞ்சினின் நிலை அதற்குப் பிறகு வரும் விஷயம்.

நிலத்தை முதலில் பார்க்க வேண்டும். கல்வராயன் மலைத்தொடரில் வடக்கே சின்னக் கல்வராயன் சராசரியாக 2,700 அடியும், தெற்கே பெரிய கல்வராயன் ஏறத்தாழ 4,000 அடியும் உயர்ந்து நிற்கின்றன. பெரும்பகுதி சார்னகைட் பாறை. மேலே ஓரளவு சமமான பீடபூமித் துண்டுகள். ஓரங்களில் செங்குத்தான சரிவுகள். இடையிடையே ஆழமாக அறுத்தோடும் ஓடைகள். கச்சிராயபாளையத்திலிருந்து வட்டத் தலைமையிடமான வெள்ளிமலைக்கும் கரியாலூருக்கும் தார்ச்சாலை உண்டு. அவ்வளவு தூரத்துக்கு ஜீப்போ பிக்கப் வண்டியோ போதும். குவாட் பைக் பயன்படுவது பீடபூமியின் மேல், சிற்றூர்களை இணைக்கும் மண்பாதைகளில். பாறைகள் வெளிப்பட்டிருக்கும் சரிவுகளிலும் உருண்டைக் கற்கள் நிறைந்த ஓடைகளிலும் அதனால் பயனில்லை. களப் புவியியலாளர் பார்க்க வேண்டிய பாறை பெரும்பாலும் அந்தச் சரிவுகளில்தான் இருக்கிறது. சேலம், திருச்சி, தஞ்சை, தென்னாற்காடு பகுதிகளின் நில அமைப்பைப் பற்றி புவியியலாளர்கள் கிங்கும் ஃபூட்டும் எழுதிய அறிக்கை 1864-இல், மோட்டார் வண்டி பிறப்பதற்கு முன்பே வெளிவந்தது. இன்றும் இந்த மலையின் வரைபடத்தில் பெரும்பங்கு நடந்தே முடிக்க வேண்டியது.

அடுத்தது சட்டம். இதில்தான் பழைய வண்டி வாங்குவோர் அதிகம் ஏமாறுகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 39-ஆம் பிரிவுப்படி பதிவு இல்லாத மோட்டார் வாகனத்தைப் பொது இடத்திலோ வேறெந்த இடத்திலோ ஓட்டக் கூடாது. தொழிற்சாலைக்கோ வேலியடைத்த வளாகத்துக்கோ மட்டும் என்று அமைந்த சிறப்பு வண்டிகளுக்கே விலக்கு உண்டு. உல்லாச விடுதிகளிலும் சாகச விளையாட்டுத் திடல்களிலும் ஓடும் குவாட் பைக்குகள் அந்த நிழலில் ஓடுகின்றன. அதே வண்டி விற்பனையாகி மலைக்கு வந்ததும் அந்த விலக்கு போய்விடுகிறது. பொது இடம் என்பதற்குச் சட்டம் தரும் விளக்கம் அகலமானது: பொதுமக்கள் போக உரிமையுள்ள எந்த வழியும் பொது இடமே. ஊராட்சி மண்பாதையும் அதில் அடங்கும். ‘காட்டுப்பாதைதானே, யார் கேட்கப் போகிறார்கள்’ என்ற விற்பனையாளரின் பேச்சுக்கு இடமே இல்லை. பதிவு இல்லையேல் மூன்றாம் நபர் காப்பீடு இல்லை. காப்பீடு இல்லாத வண்டி ஒரு சிறுவனை இடித்தால் இழப்பீடு முழுவதும் உரிமையாளர் தலையில் விழும். களத் தொழிலாளிக்குக் காயம் பட்டாலும் நிறுவனத்தின் பொறுப்பு குறையாது. குவாட்ரிசைக்கிள் என்ற பெயரில் பதிவாகும் கூரை வண்டி வேறு, குவாட் பைக் வேறு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஆகவே ஆர்.சி. எனும் பதிவுச் சான்று உள்ள வண்டியை மட்டுமே விலை பேச வேண்டும். போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 570 போன்ற சில வண்டிகள் டிராக்டர் வகையில் பதிவு செய்யத்தக்கவையாக இந்தியாவில் விற்கப்பட்டன. தேட வேண்டியது அவற்றை. டிராக்டராகப் பதிவான வண்டியைக் கனிம ஆய்வுக்குப் பயன்படுத்தலாமா என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுப் பெறுவது நல்லது. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29-உம் 30-உம், வெளிமாநில வண்டியானால் தடையின்மைச் சான்றுக்குப் படிவம் 28-உம், கடன் இருந்திருந்தால் அதை நீக்கப் படிவம் 35-உம் வேண்டும். இறக்குமதியான வண்டிக்குச் சுங்க ஆவணம் கேட்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. சேஸியில் பொறித்த எண்ணும் காகிதத்தில் உள்ள எண்ணும் ஒன்றா என்பதைக் கண்ணால் பார்த்தே உறுதி செய்ய வேண்டும், புகைப்படம் போதாது.

வண்டியைச் சோதிக்கும்போது எஞ்சினுக்கு முன் சட்டகத்தைப் பார்க்க வேண்டும். முன்சக்கரங்களைத் தாங்கும் கைகள் சட்டகத்தோடு சேரும் இடங்களில் மயிரிழை வெடிப்பு, புது வெல்டிங், திடீரென்று பளிச்சிடும் புதுப் பெயின்ட் ஆகியவை பழைய விபத்தின் அடையாளங்கள். சுற்றுலாத் தலங்களில் வாடகைக்கு ஓடிய வண்டிகளில் இவை அதிகம். ஓட்டத் தெரியாத நூறு கைகள் மாறி மாறிக் குதிக்கவிட்ட வண்டி அது. விலை மலிவு என்பதற்காக அதை மலைக்குக் கொண்டுவருவதை இந்த இதழ் பரிந்துரைக்காது. ஒவ்வொரு சக்கரத்தையும் தரையிலிருந்து தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பேரிங்கும் பந்து மூட்டும் தேய்ந்திருக்கிறதா என்பது தெரியும். சக்கரத்தைச் சுழற்றினால் வளைந்த ஆக்சில் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில்தான் கிளப்பிப் பார்க்க வேண்டும். விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடலாம். ஆயில் பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. காற்று வடிகட்டியின் உட்பக்கம் செம்மண் தூசி ஒட்டியிருந்தால் பிஸ்டனும் சிலிண்டரும் உள்ளே தேய்ந்துகொண்டிருக்கின்றன. அந்த எஞ்சினுக்கு அதிக ஆயுள் இல்லை. தானியங்கி கியர் வண்டிகளில் ரப்பர் பெல்ட்டின் பக்கங்கள் கண்ணாடிபோல் பளபளத்தால் மாற்றும் செலவை விலையில் கழிக்க வேண்டும். நிறுத்துப் பிரேக் ஒரு மேட்டில் வண்டியை அசையாமல் பிடிக்க வேண்டும். ஆக்சிலரேட்டர் கட்டையை விட்டவுடன் பழைய இடத்துக்குத் தானே திரும்ப வேண்டும். இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் பேரம் அங்கேயே முடிந்தது. ஃப்யூவல் இன்ஜெக்ஷன் வண்டியானால் பழுதைக் கண்டறியும் கருவி எங்கே இருக்கிறது என்பதையும் விசாரிக்க வேண்டும்; கார்புரேட்டர் வண்டியைக் கள்ளக்குறிச்சியில் அனுபவமுள்ள பைக் மெக்கானிக் ஒருவர் சமாளித்துவிடுவார்.

குவாட் பைக்கால் நேரும் மரணங்களில் பெரும்பங்கு வண்டி கவிழ்ந்து ஓட்டுபவரை நசுக்குவதால் வருகிறது. பெரியவர்களுக்கான வேலை வண்டி 300 கிலோவைத் தாண்டக்கூடும். அதன் அடியில் சிக்கியவர் தனியாக வெளியே வர இயலாது. 1988-இல் அமெரிக்காவில் மூன்று சக்கர ஏ.டி.வி. விற்பனை நின்றதற்குக் காரணம் இத்தகைய விபத்துகளே. ஆஸ்திரேலியா 2021 அக்டோபர் 11 முதல், விற்பனையாகும் புதிய பொதுப்பயன் குவாட் பைக் ஒவ்வொன்றிலும் கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் பாதுகாப்பு வளைவைக் கட்டாயமாக்கியது. அசையாமல் நிறுத்திப் பக்கவாட்டில் சாய்க்கும்போது குறைந்தது 28.8 பாகை வரை கவிழாதிருக்க வேண்டும் என்பதும் அங்குள்ள விதி. ஹோண்டா, யமஹா போன்ற நிறுவனங்கள் இந்த விதியை ஏற்காமல் அந்தச் சந்தையிலிருந்து விலகின. ஆயினும் ஆஸ்திரேலிய அரசு பின்வாங்கவில்லை. இந்தியாவில் பழைய வண்டி வாங்குவோர் இருக்கைக்குப் பின்னால் இந்த வளைவைப் பொருத்தாமல் மலையேற்றக் கூடாது.

28.8 பாகை என்பது சோதனைக்கூட எண். குண்டும் குழியும் ஈரமும் சுமையும் சேர்ந்த களத்தில் அதில் பாதியே ஆபத்து. புவியியலாளருக்கு இதில் ஒரு வசதி உண்டு: பாறையின் சாய்வை அளக்கும் கிளைனோமீட்டர் அவர் கையிலேயே இருக்கிறது. வண்டியை நிறுத்தி, முன்னே உள்ள சரிவை அளந்து, பக்கவாட்டுச் சாய்வு 15 பாகையைத் தாண்டினால் இறங்கி நடக்கலாம். ஏற்றத்தில் வண்டி நின்றுபோனால் திருப்ப முயலக் கூடாது; பிரேக் பிடித்து, மேட்டுப் பக்கமாக இறங்கிவிட வேண்டும். பின்னால் இன்னொருவரை ஏற்றிச் செல்வது இருவரையும் கொல்லக்கூடிய பழக்கம், வண்டி இருவருக்கெனச் செய்யப்பட்டிருந்தால் ஒழிய. ஹெல்மெட், கணுக்கால் மூடும் ஷூ, கையுறை ஆகியவற்றில் பேச்சுக்கே இடமில்லை. டயரின் அழுத்தம் பொதுவாக 5 முதல் 7 பி.எஸ்.ஐ. மட்டுமே, காருக்கான அழுத்தமானி இந்த அளவில் நம்பத்தக்கதல்ல. பெட்ரோல் பங்க்கில் கண்மதிப்பாகக் காற்றடித்த வண்டி மண்பாதையில் துள்ளும். தார்ச்சாலையில் இந்த டயர்கள் எதிர்பாராமல் பிடித்துக்கொண்டு வண்டியைக் கவிழ்க்கும் என்பதால், கச்சிராயபாளையத்திலிருந்து மேலே வரை பிக்கப்பில் ஏற்றிச் செல்வதே சரி.

மாதிரிகளின் எடையைக் குழுக்கள் குறைத்தே மதிப்பிடுகின்றன. இரண்டு கிலோ வீதம் இருபது பாறைத் துண்டு மாதிரிகள் 40 கிலோ. அவற்றைப் பின் தட்டில் குவித்தால் ஏற்றத்தில் முன்சக்கரம் தூக்கும். தட்டில் பொறித்துள்ள எடை எல்லையை மீறாமல், கனத்தவற்றைத் தாழ்வாகவும் நடுவாகவும் கட்ட வேண்டும். ஓடைப்படிவு சலிக்கக் கொண்டுபோகும் தண்ணீர்க் கேனைப் பாதி நிரப்புவது தவறு: உள்ளே அலையும் தண்ணீர் வளைவில் வண்டியை இழுக்கும். முழுதாக நிரப்ப வேண்டும், அல்லது காலியாகக் கொண்டுபோய் ஓடையில் நிரப்பிக்கொள்ளலாம்.

பாதுகாப்புக்கு அடுத்தபடியாக, இந்தத் துறையினர் அதிகம் கவனிக்காத கேடு மாதிரி மாசுபடுதல். கல்வராயனுக்கு வடமேற்கே அரூர் – ஊத்தங்கரைப் பட்டையில் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் மாலிப்டினம் தேடியிருக்கிறது. சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் சி.வி. மூட்டுகளில் வழக்கமாக நிரப்பப்படும் கருப்புக் கிரீஸில் இருப்பதோ மாலிப்டினம் டைசல்ஃபைடு. அதுவே அங்கே தேடப்பட்ட தாது மாலிப்டினைட்டின் வேதிப்பொருளும். அந்த மூட்டை மூடும் ரப்பர் உறை பழைய வண்டிகளில் கிழிந்திருப்பது சாதாரணம். கிழிந்த உறையோடு ஓடையைக் கடக்கும் வண்டி, மில்லியனில் ஒரு பங்கை அளக்கும் ஆய்வகத்துக்குப் பொய்ச் செய்தி அனுப்பிவிடும். செம்பு, ஈயம், துத்தநாகம் தேடுவோருக்கும், பழைய தென்னாற்காட்டின் மாமண்டூர் போன்ற இடங்களில் வேலை செய்வோருக்கும், இதே எச்சரிக்கை பொருந்தும். பிரேக் கட்டைகள் பலவற்றில் செம்பு உண்டு, டயர் ரப்பரில் துத்தநாக ஆக்சைடு உண்டு, பேட்டரியில் ஈயம். எனவே வண்டியை ஓடையின் கீழ்ப்போக்கில் நிறுத்திவிட்டு மேல்போக்கில் நடந்து சென்று மாதிரி எடுப்பது, மாதிரிப் பைகளைக் கருவிப் பெட்டியிலிருந்து பிரித்து மூடிய வாளியில் வைப்பது, வண்டியைத் தொட்ட கையால் மண்ணைத் தொடாதிருப்பது ஆகிய மூன்றும் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் இடம்பெற வேண்டும். பயன்படுத்திய கிரீஸிலும் பிரேக் தூசியிலும் ஒரு மாதிரி எடுத்துத் தனியே பகுப்பாய்வுக்கு அனுப்பிவைத்தால், பின்னால் ஐயம் எழும்போது ஒப்பிடலாம். காந்த அளவீடு செய்வோர் வண்டியைப் பல பத்து மீட்டர் தள்ளி நிறுத்த வேண்டும். அதன் இரும்பு அளவீட்டைத் திரித்துவிடும்.

வண்டியின் ஆவணங்களோடு தேடலுக்கான அனுமதியும் வேண்டும்: கனிமங்கள் சட்டம் 1957-இன் 4-ஆம் பிரிவுப்படி உரிய அனுமதியின்றித் தேடலே செய்ய முடியாது. காப்புக்காடுகளுக்குள் நுழைய வனத்துறை அனுமதி தனியாக வேண்டும். ஓர் உரிமம் இன்னொன்றுக்கு ஈடாகாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நேர்ந்த கள்ளச்சாராய மரணங்களுக்குப் பிறகு, கல்வராயன் மலை மக்களின் நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு நடத்தியது. இந்த மலையில் கேன்களோடு அலையும் அறிமுகமற்ற வண்டி கேள்விக்கு உள்ளாவது நியாயமே. அனுமதிக் கடிதங்களின் நகல் வண்டியிலேயே இருக்கட்டும். சாமையும் மரவள்ளியும் விளையும் மலையாளிப் பழங்குடி மக்களின் நிலங்களில் வரப்பின்மேல் டயர் ஏறக் கூடாது. ஊர்ப் பெரியவர்களிடம் முதலில் நடந்துபோய்ப் பேசிவிட்டுப் பிறகு வண்டியைக் கொண்டுவருவது மரியாதை; பாதை எங்கே முடியும், எந்த ஓடை எப்போது பெருகும் என்பதும் அப்போதுதான் தெரியவரும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, செம்மண் பாதைகளில் குவாட் பைக்கை இறக்காதிருப்பதே அறிவுடைமை.

தனியாக யாரும் வண்டியெடுக்கக் கூடாது. கைப்பேசி இணைப்பு பல இடங்களில் அறுபடும் மலையில், கிளம்பும் நேரமும் திரும்பும் நேரமும் வழியும் முகாமில் எழுதி வைக்கப்பட வேண்டும். பெரிய சிகிச்சைக்கு அருகில் இருப்பது 2022-இல் திறக்கப்பட்ட கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. களப்பருவம் தொடங்கும் முன் குழுத் தலைவர்கள் வேலை நடக்கும் இடத்திலிருந்து அந்த மருத்துவமனை வாசல் வரை ஒருமுறை பயணம் செய்து, எடுக்கும் நேரத்தைக் குறித்து, 108 வண்டி வந்து நிற்கக்கூடிய கடைசி இடத்தை வரைபடத்தில் அடையாளமிட வேண்டும் என்று இந்த இதழ் கேட்டுக்கொள்கிறது.