சுவரிலே ஒரு சமுத்திரம்

பழைய தேசப்படங்களாலும் கடற்படங்களாலும் இல்லத்தை அழகு செய்யும் விருப்பம் நம்மவரிடையே காணப்படுகிறது. நல்ல இரசனைதான். ஆயினும், அதிலே நாம் கற்ற பாடமொன்றை வாசகர்கட்கு எடுத்துரைத்தல் கடனாகும்.

எமது பாட்டனார் பாய்க்கப்பலில் வணிகஞ் செய்தவர். பாக்கு நீரிணையின் கடற்படம் ஒன்று அவர் வழியாக எமக்கு வந்தது. ஆழங்காட்டும் எண்களினிடையே, தாம் சென்ற வழியை அவர் பென்சிலாற் குறித்திருந்தார். நாம் அதனை மாப்பசையாற் பலகையில் ஒட்டி, மேற்கு யன்னலுக்கு எதிரே மாட்டினோம். மூன்றாண்டுகளில் நிறம் வெளிறியது. பசையை நாடி வந்த பூச்சிகள் கடதாசியை அரித்தன. பென்சிற்கோடு சென்ற இடமெல்லாம் இன்று துவாரம். பாட்டனார் கடலிலே காத்த பொருளை நாம் சுவரிலே இழந்தோம்.

ஆதலால் மூலப்படத்தை மாட்டாதீர்கள், பிரதியை மாட்டுங்கள். மூலத்தை மடியாது விரித்து, அமிலமற்ற தாள்களினிடையே ஈரமில்லாத அலுமாரியில் வையுங்கள். சட்டமிடும்போது கண்ணாடி தாளிற் படாதவாறு சுற்றிலும் அட்டை விளிம்பு வைத்தல் வேண்டும்.

எப்படத்தைத் தேர்வது? தொலமி என்பார் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த அறிஞர். அவரது நூலைத் தழுவி வரையப்பட்ட படங்கள் 1482இல் செர்மனியின் உல்ம் நகரில் அச்சாயின. அவற்றிலே இலங்கை, 'தப்ரபேன்' என்னும் பெயருடன், உள்ள அளவினும் பன்மடங்கு பெரிதாகக் காணப்படும். நிலநடுக்கோடு அதன் தென்பகுதியை ஊடறுத்துச் செல்லும். உண்மையிலோ தீவின் தென்முனை அக்கோட்டுக்கு ஏறக்குறைய 6 பாகை வடக்கே உள்ளது. பிழை எங்கே, அது எவ்வாறு நேர்ந்திருக்கும் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். சுவர் அன்றே ஆசிரியனாகிவிடும்.

விடுமுறைக்கு ஒரு கைவேலையுஞ் சொல்வோம். வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல், சுயஸ் கால்வாய் வழியாகச் சென்று, 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. உலகப்படமொன்றை மென்பலகையிற் பொருத்தி, அக்கடல்வழியைக் குண்டூசியாலுஞ் சிவப்பு நூலாலும் பிள்ளைகள் காட்டட்டும். சட்டத்தைச் சுற்றித் தடித்த பருத்திக் கயிற்றை ஒட்டி, இரு நுனிகளையும் கீழே முடியலாம். முதலில் இடநுனியை வலநுனியின் மேலும், பின்னர் வலநுனியை இடநுனியின் மேலும் இட்டு இறுக்கினால் முடிச்சுத் தட்டையாய் நிற்கும். இருமுறையும் ஒரே விதமாய் இட்டால் வழுவிவிடும். சிறு வேற்றுமையே, பாய் கட்டுவோனுக்கு அது பெரிது.

எமது வீட்டில் இன்று தொங்குவது அதே கடற்படத்தின் பிரதி. பாட்டனார் சென்ற வழியை, எமது நினைவில் நின்ற அளவிற்கு, அதன்மேற் பென்சிலால் வரைந்துள்ளோம். அது சரிதானா என்று கேட்டறிய அவர் இல்லை.