நாற்று வாங்குவோம், குழந்தையோடு!

வீட்டுத் தோட்டம் பற்றிப் பேசுவோரெல்லாம் விதையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பார்கள். செலவு மிச்சம் என்பது அவர்கள் கட்சி. பெரியவர்களுக்கு அது பொருந்தலாம். நான்கு வயதுக் குழந்தையோடு தோட்டம் போடுகிறவர்கள் நாற்றுத்தான் வாங்க வேண்டும் என்பது என் கட்சி. விதைத்த தக்காளி நடவுக்கு வர 25 நாள். கத்தரிக்கு ஒரு மாதத்திற்கு மேல். மிளகாய்க்கு 40 நாள். ‘நாளைக்கு’ என்றாலே முகம் வாடும் வயதில் 40 நாள் என்பது ஒரு யுகமன்றோ!

சென்ற தை மாதம் அக்காள் மகளை ஒட்டன்சத்திரம் பக்கத்து நாற்றுப்பண்ணை ஒன்றிற்கு அழைத்துச் சென்றேன். 98 குழிகள் கொண்ட தட்டுகளில், தென்னைநார்க் கழிவில், வரிசை வரிசையாக நாற்றுகள். அவள் கை உயரமான நாற்றுக்கே போயிற்று. மெலிந்து நீண்டது வெளிச்சத்திற்கு ஏங்கிய நாற்று. குட்டையாய்த் தண்டு பருத்ததே நல்லது. தாவரவியல் மாணவி என்பதால் இதை விளக்கினேன். அவள் கேட்டால்தானே! அவள் விருப்பத்திற்கு இரண்டு, என் விருப்பத்திற்குப் பத்து என்று உடன்பாடு ஆயிற்று. வாங்கும் உரிமையில் குழந்தைக்கும் பங்கு இருந்தால்தான் தண்ணீர் ஊற்றும் கடமையிலும் பங்கு இருக்கும்.

தையிலேயே நட்டுவிடுவது நல்லது. பிந்தினால் சித்திரை வெயிலில் தக்காளிப் பூக்கள் உதிர்ந்துவிடும். மாலையில் நட்டோம். தக்காளித் தண்டிலும் வேர் பிடிக்குமாதலால் சற்று ஆழமாகவே புதைத்தோம். மறுநாள் நண்பகலில் எல்லாம் தலை சாய்ந்திருந்தன. “சித்தி, தூங்குதா?” என்றாள். பொழுது சாயவும் நிமிர்ந்துவிட்டன. அவளுக்கு ஒரே கும்மாளம்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. நான்காம் நாள் காலையில் ஒரு நாற்று தரையோடு அறுபட்டுக் கிடந்தது; அவள் தேர்ந்தெடுத்த இரண்டில் ஒன்று. அவள் எழுவதற்கு முன் பார்த்துவிட்ட என் அம்மா, “வேற ஒண்ண சட்டுன்னு நட்டு வையி, பிள்ளை அழுகும்” என்றார். அன்பினால் சொன்னதுதான். பல வீடுகளில் இப்படித்தான் செய்கிறார்கள். செத்த மீனுக்குப் பதில் வேறு மீன், உடைந்த பொம்மைக்குப் பதில் அதே பொம்மை! நான் இதற்கு உடன்படவில்லை.

அழத்தான் செய்தாள். “இனிமே வராதா?” என்றாள். “வராது” என்றேன். பிறகு இருவரும் குச்சியால் மண்ணைக் கிளறினோம். ஒரு விரற்கடை ஆழத்தில் வெட்டுப்புழு ஒன்று சுருண்டு கிடந்தது. இரவில் தின்றுவிட்டுப் பகலில் மண்ணுக்குள் பதுங்குவது அதன் வழக்கம். அழுகை நின்றது, கேள்விகள் தொடங்கின. அது ஏன் தின்றது, அதற்கு வாய் எங்கே, மற்ற 11 நாற்றையும் தின்னுமா? ஓசைப்படாமல் நாற்றை மாற்றி வைத்திருந்தால் இத்தனை கேள்விகளையும் அல்லவா புதைத்திருப்போம்!

அன்று முதல் விடிந்ததும் 11 வரை எண்ணிவிட்டுத்தான் பல் துலக்கினாள். அம்மாவும் கூடவே நின்று எண்ணினார்.

வரும் ஆடிப்பட்டத்தில் அவள் கையில் வெண்டை விதையைக் கொடுப்பதாக இருக்கிறேன். அது ஒரு வாரத்தில் முளைத்துவிடும். அப்போது அவளுக்கு ஐந்து வயது; ஒரு வாரம் பொறுப்பாள்.