கடலில கோடு இல்லை, கட்டடம் இருக்கு

வாகா எல்லையில 1959இல் இருந்து பின்னேரங்களில் காலைத் தூக்கி அடிச்சுக் கொடி இறக்கினம். அதைப் பார்க்க ரெண்டு பக்கமும் கலரி. அந்தக் கட்டடம் சொல்றது ஒன்றுதான்: உன்னைவிட நான் பெரியவன்.

எங்களுக்கும் இந்தியாவுக்கும் நடுவில கடல். 1974இல் பாக்கு நீரிணையில் கீறின கோடு வரைபடத்தில மட்டும்தான் தெரியும். கப்பலால வாறவருக்கு முதலில தட்டுப்படுற கட்டடம்தான் எல்லை.

1914இல் தொடங்கிய தலைமன்னார்–தனுஷ்கோடி கப்பலால், கொழும்பு கோட்டையில் ரயில் ஏறினவர் சென்னை எழும்பூரில் இறங்கலாம். ஆனால் அதே வழியில் மலையகத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர்களை மண்டபம் முகாமில் நாள்கணக்கில் தடுத்து வைத்துத்தான் அனுப்பினார்கள். ஒரே எல்லை, ரெண்டு வாசல்.

1964 புயலில் தனுஷ்கோடி அழிந்தது. 2023 ஒக்டோபரில் காங்கேசன்துறை–நாகபட்டினம் சேவை தொடங்கி, நின்று, 2024 ஓகஸ்டில் திரும்ப வந்தது. இனி அங்க நிரந்தரமா ஒரு முனையம் கட்டுறதெண்டால், அது யாருக்காக?

யுத்தத்தில் பாஸ்போட் இல்லாமல் வள்ளத்தில போன சனத்தின்ர பிள்ளைகள் பலர் தமிழ்நாட்டு முகாம்களிலேயே பிறந்தவர்கள். அவர்கள் வந்து இறங்கேக்க முதலில் தெரியவேண்டியது விசாரணை அறையா? குடிவரவு வரிசையில் நிற்கும்போதே, கண்ணாடிக்கு அந்தப்பக்கம் காத்திருக்கிற சொந்தங்கள் தெரியட்டும். அவையள் இருக்க நிழலான விறாந்தை, பிழையில்லாத தமிழில் பலகை. பெரிய செலவில்லைத்தானே?

ஸ்கானர் வேணும்தான். ஆனால் அதை மட்டும் யோசிச்சுக் கட்டினால், நாங்கள் திரும்பக் கட்டுறது மண்டபத்தைத்தான்.