அம்மம்மாவின் விரதமும் டொக்டரின் குளிசையும்

ஐப்பசி மாதம் எங்கள் வீடுகளில் விரத மாதம். 21 நாட்கள் பிடிக்கும் கேதார கௌரி விரதம் தீபாவளியோடு ஒட்டி வரும் அமாவாசையில் காப்புக் கட்டி முடியும். மறுநாள் பிரதமையிலேயே கந்தசஷ்டி தொடங்கிவிடும். இரண்டையும் பிடிப்பவர்களுக்கு 27 நாட்கள் இடைவிடாத விரதம். இங்கே ரொறன்ரோவில் இவற்றைப் பிடிப்பவர்கள் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் அறுபதைத் தாண்டிய எங்கள் அம்மாமாரும் அம்மம்மாமாரும்தான். அவர்களில் அநேகர் சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் நாளாந்தம் குளிசை எடுப்பவர்கள். இந்த இரண்டு செய்திகளையும் ஒன்றாக வைத்து யோசிப்பவர்கள் மிகக் குறைவு என்பதே என் கவலை.

2018 மார்கழியில் காலமான என் அம்மம்மாவின் கதையை அதற்காகவே இங்கு எழுதுகிறேன். வடமராட்சியில் பிறந்தவர். செல்வச்சந்நிதி முருகனை "என்ரை அவன்" என்று சொல்லக்கூடியவர். 1996இல் கனடா வந்தார். 1998இல் சீனி வருத்தம் என்று கண்டுபிடித்தார்கள். அதன்பின் இருபது வருடங்கள் அந்த வருத்தத்தோடு வாழ்ந்தார். வெள்ளிக்கிழமை, சதுர்த்தி, கந்தசஷ்டி, கௌரி, பிள்ளையார் கதை, திருவெம்பாவை, சிவராத்திரி என்று அவருடைய வருடத்தில் விரதமில்லாத கிழமை ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஆனால் குளிசை விஷயத்திலும் அவர் அதே பக்திதான். காலை இரண்டு, இரவு இரண்டு. ஒருநாளும் தவறவிட்டதில்லை.

ஆபத்து வந்ததே அந்த ஒழுங்கினால்தான். 2006 கந்தசஷ்டியின் ஐந்தாம் நாள் விடியப்புறம் மூன்று மணிக்கு அம்மம்மா கட்டிலில் இருந்து எழும்பி, வியர்த்து ஊற்ற, சம்பந்தமில்லாமல் கதைக்கத் தொடங்கினார். வீட்டுக்கு வந்திருந்த உறவினர் ஒருவர் சாமி வந்திருக்கிறது என்றார். மாமா பாரிசவாதம் என்று பயந்து அம்புலன்சைக் கூப்பிட்டார். வந்தவர்கள் விரலில் குத்திப் பார்த்தபோது சீனி 1.9. நான்குக்குக் கீழே போனாலே அது தாழ்ந்த சீனி. குளுக்கோஸ் ஏற்றிப் பத்து நிமிடத்தில் அம்மம்மா எங்களை அடையாளம் கண்டு, "ஏன் எல்லாரும் முழிச்சிருக்கிறியள்?" என்று கேட்டார்.

நடந்தது இவ்வளவுதான். ஐந்து நாட்களாக ஒரு கோப்பை பாலும் ஒரு பழமும்தான் சாப்பாடு. ஆனால் கிளிக்ளசைட் குளிசை வழமைபோல. அந்தக் குளிசை நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று பார்ப்பதில்லை. கணையத்தை இன்சுலின் சுரக்க வைப்பது அதன் வேலை. வயிறு காலியாக இருந்தாலும் அது தன் வேலையைச் செய்யும். அவருடைய டொக்டர் விரதம் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. அம்மம்மாவும் சொன்னதில்லை. பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "பிள்ளை, விரதம் எண்டது எனக்கும் அவனுக்கும் இடையிலை உள்ள கதை. டொக்டருக்கு ஏன்?" என்றார்.

இந்தப் பதிலை மூடத்தனம் என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. "இந்த வயசிலை விரதம் என்னத்துக்கு, சாமி கேட்டவரோ?" என்று பிள்ளைகள் ஏசுவதைப் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். ஏசினால் விரதம் நிற்காது. விரதம் ஒளிக்கப்படும், அவ்வளவுதான். காலைச் சாப்பாட்டைக் குப்பைக் கூடைக்குள் போட்டுவிட்டு "சாப்பிட்டிட்டன்" என்று சொல்லும் அம்மாக்கள் எங்களிடம் இருக்கிறார்கள். ஊரையும் உறவையும் விட்டுவந்து, மொழி தெரியாத நாட்டில் நாலு சுவருக்குள் இருப்பவருக்குத் தன் கையில் மிச்சமிருக்கும் ஒரே காரியம் அந்த விரதமாக இருக்கலாம். அதைப் பறிப்பதற்கு எங்களுக்கு உரிமை இல்லை. அதே நேரம், "அவவின்ரை விருப்பம்" என்று கண்டும் காணாமல் விடுவதும் சரியல்ல. விரதத்தை டொக்டரின் அறைக்குள் கொண்டுபோவதுதான் வழி.

முஸ்லிம் சகோதரர்கள் இதில் எங்களுக்கு வெகு முன்னால் போய்விட்டார்கள். 2001இல் 13 நாடுகளில் 12,000க்கும் மேற்பட்ட நீரிழிவு நோயாளரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ரமழான் மாதத்தில் இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களிடையே கடுமையான தாழ்சீனி ஏழு மடங்குக்கும் மேலாகக் கூடியது அதில் தெரிந்தது. அதன் பிறகு சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2016இலும் 2021இலும் நோன்புக்கான வழிகாட்டிகளை வெளியிட்டது. கனடாவிலும் 2019இல் ஒன்று வந்தது. இன்று நோன்புக்கு முன்பே நோயாளியோடு அதைப் பற்றிக் கதைக்கும் டொக்டர்மார் இருக்கிறார்கள். எங்கள் விரதங்களோ வருடம் முழுவதும் சிதறிக் கிடக்கின்றன; ஒவ்வொருவர் பிடிக்கும் முறையும் வேறு. நாங்கள் சொல்லாமல் எந்த டொக்டருக்கும் இது தெரியப் போவதில்லை.

அம்மம்மாவின் விஷயத்தில் புதிய டொக்டர் ஒருவர் கிடைத்தார். அவர் தமிழர் அல்லர். "எத்தனை நாள்? என்ன சாப்பிடுவா? எத்தனை மணிக்கு?" என்று மூன்று கேள்விகள் கேட்டார். முதல் தடவையாக விரதத்தைப் பற்றி மரியாதையாகக் கேட்ட டொக்டர் என்று அம்மம்மா அவருக்கு வாழ்நாள் முழுக்க விசுவாசமாக இருந்தார். விரத நாட்களில் இரவுக் கிளிக்ளசைட்டை நிறுத்தினார், காலை அளவைக் குறைத்தார், மதியம் ஒருவேளை உணவு கட்டாயம் என்றார். இது அம்மம்மாவுக்குச் சொன்ன அளவு. தயவுசெய்து யாரும் இதைப் பார்த்துத் தங்கள் குளிசையை மாற்றவேண்டாம். ஒவ்வொரு மருந்தின் குணமும் வேறு. மெற்போமின் தனியே எடுத்தால் சீனி ஆபத்தாக இறங்குவது அரிது. கிளிக்ளசைட், கிளைபியூரைட், இன்சுலின் இவைதான் இறக்குபவை. எம்பாகிளிபுளோசின், டாபாகிளிபுளோசின் என்ற புதிய குளிசைகளில் வேறொரு பிரச்சினை. பட்டினி கிடக்கும்போது இரத்தம் அமிலமாகிவிடலாம், அதுவும் சீனி அதிகம் ஏறாமலே. ஆகவே குளிசைப் போத்தல்கள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு, விரதத்துக்கு இரண்டு மாதம் முன்பே டொக்டரிடமோ பார்மசியிலோ காட்டுங்கள்.

மதியம் ஒருவேளை உணவு என்றதும் அம்மம்மாவின் முகம் வாடிவிட்டது. அதற்கு மருந்து கோயில் ஐயரிடம் இருந்தது. ஆறு நாளும் உபவாசம் உத்தமம், இயலாதவர் முதல் ஐந்து நாளும் ஒருபொழுது உண்டு சஷ்டியில் மட்டும் உபவாசம் இருக்கலாம் என்பது ஆறுமுக நாவலரின் சைவ வினாவிடையிலேயே உள்ள விதி. இயலாதவருக்கு இடம் விட்டுத்தான் விரதங்களையே வகுத்திருக்கிறார்கள். ஐயர் அதை எடுத்துச் சொல்லி, அந்த ஆறாம் நாளுக்கும் நோயாளிக்குப் பாலும் பழமும் போதும் என்றார். விரலில் குத்தி இரத்தம் பார்ப்பதால் விரதம் முறியாது என்றும் அவரே சொன்னார். அம்மம்மாவுக்கு அது தீட்டோ என்ற பயம் இருந்திருக்கிறது; எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது.

இன்னொரு பயமும் இருந்தது. 2010இல் இன்சுலின் தொடங்க வேண்டும் என்றபோது எட்டு மாதங்கள் மறுத்தார். ஊசி என்றால் கடைசிக் கட்டம் என்ற பரவலான எண்ணம்தான் காரணம் என்று நினைத்தோம். உண்மைக் காரணம் வேறு. இன்சுலின் மாட்டிலிருந்து எடுப்பது என்று யாரோ ஊரில் சொல்லியிருக்கிறார்கள். அது பொய்யும் அல்ல. 1921இல் இதே ரொறன்ரோ நகரில் கண்டுபிடிக்கப்பட்ட காலத்திலிருந்து பல பத்தாண்டுகள் மாடு, பன்றியின் கணையத்திலிருந்துதான் எடுத்தார்கள். 1982 முதல் நுண்ணுயிர்களைக் கொண்டு மனித இன்சுலினையே தயாரிக்கும் முறை வந்துவிட்டது. இன்று வழமையாகக் கொடுக்கப்படுவது அப்படித் தயாரித்ததே. இதைப் பார்மசியில் வேலைசெய்த ஒரு தமிழ்ப் பெண் பத்து நிமிடத்தில் விளக்கினார். மறுநாளே ஊசி போட்டுக்கொண்டார். சைவமானவர்களுக்கு இன்னொரு குறிப்பு: கப்சியூல் குளிசைகளின் கூடு பெரும்பாலும் மாடு, பன்றியிலிருந்து எடுக்கும் ஜெலற்றின். கேட்டால் அநேகமாக மாற்று வழி கிடைக்கும். கேட்காமல் குளிசையை நிறுத்துவதுதான் ஆபத்து.

2014இல் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டன. கிழமையில் மூன்று நாள், நான்கு மணித்தியாலம் டயலிசிஸ். விரதம் பற்றிய கணக்கு முழுவதும் தலைகீழாக மாறியது. இந்நோயாளர்களுக்குப் பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுவிடக்கூடும். எங்கள் விரதச் சாப்பாட்டைப் பாருங்கள். ஒரு கோப்பை இளநீரில் ஏறத்தாழ 600 மில்லிகிராம் பொட்டாசியம், ஒரு வாழைப்பழத்தில் 400க்கு மேல். பஞ்சாமிர்தத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பால், பழம், இளநீர் என்று நாம் "பாரமில்லாத சாப்பாடு" என நினைப்பவை சிறுநீரக நோயாளருக்கு மிகவும் பாரமானவை. அம்மம்மா அதற்குப் பிறகு பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிப் பேரப்பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவார். சஷ்டி நாட்களில் டயலிசிஸ் கதிரையில் இருந்தபடியே தேவாரப் புத்தகத்தை மடியில் வைத்துப் படிப்பார். உணவு ஒழுங்கு முழுவதும் அங்குள்ள உணவு ஆலோசகர் சொன்னபடிதான். "சாப்பாட்டு விரதம் அவை பாக்கட்டும், மற்றதை நான் பாக்கிறன்" என்பார்.

விரத வீடுகளில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய ஒன்று. திடீர் வியர்வை, நடுக்கம், தடுமாற்றம், பொருத்தமில்லாத பேச்சு இருந்தால் முதலில் சீனியைப் பாருங்கள். நான்குக்குக் கீழே என்றால் ஒரு மேசைக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்தோ, முக்கால் கோப்பை பழச்சாறோ உடனே கொடுங்கள். சிறுநீரக நோயாளர் என்றால் தோடம்பழச் சாறு வேண்டாம், அப்பிள் சாறு கொடுங்கள். 15 நிமிடத்தில் மீண்டும் பாருங்கள். நினைவில்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் 911 ஐ அழையுங்கள். சிலவகைப் பிரஷர் குளிசைகள் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும். வியர்வை மட்டுமே தெரியலாம்.

கோயில் நிர்வாகங்களிடமும் ஒரு வேண்டுகோள். கோடைத் தேர்த்திருவிழாவில் சுடும் தார் வீதியில் வெறுங்காலோடு நடக்கும் முதியவர்களில் எத்தனையோ பேருக்குச் சீனியால் பாதம் மரத்துப்போயிருக்கிறது. கொப்பளம் வந்ததே தெரியாமல் வீட்டுக்குப் போவார்கள். வீதிக்குத் தண்ணீர் அடியுங்கள், கம்பளம் விரியுங்கள். அம்மம்மாவுக்கு ஐயர் அனுமதி கொடுத்து, கோயிலுக்கென்றே வெள்ளைப் பருத்திக் காலுறை வைத்திருந்தார். தனியாகத் தோய்த்து, சாமி அறை லாச்சியில்தான் வைப்பார்.

எங்கள் சங்கம் வருடாவருடம் வெளியிடும் நாட்காட்டியோடு ஒரு சிறு அட்டையையும் சேர்த்து அச்சிடலாம் என்பது என் யோசனை. ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம். விரதத்தின் பெயர், எத்தனை நாள், என்ன சாப்பிடுவேன், எப்போது சாப்பிடுவேன், என்ன மருந்து எடுக்கிறேன் என்று நிரப்பி டொக்டரிடம் நீட்டக்கூடியதாக இருந்தால் போதும். மொழிபெயர்க்கப் பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து மறித்துக் கூட்டிப்போகத் தேவையில்லை. வாசகங்களை எழுதித்தர நான் தயார். அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுமாறு கேட்டுக்கொள்கிறேன்.