பந்துக்கும் ஒரு பாடு வேண்டும்!



பழவேற்காடு என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? பூநாரை, டச்சுக்காரர் கல்லறை, ஞாயிற்றுக்கிழமை நண்டு வறுவல்... அவ்வளவுதானே! அந்த ஏரிக்கரையில் மீன் பிடிக்கும் வீட்டிலிருந்து வந்து மெக்கானிக்கல் டிப்ளமோ படிப்பவன் நான். எங்கள் குடும்பத்தில் படிப்பு என்று வெளியே வந்த முதல் ஆளும் நான்தான். ஆகவே பறவைகளைப் பற்றி மற்றவர்கள் எழுதட்டும். எங்க பையன்களைப் பற்றி நான் எழுதுகிறேன்.

எங்க பக்கத்துப் பையன்களுக்குப் பந்து என்றால் உயிர். கோடையில் ஏரி உள்வாங்கினால் காய்ந்த சேற்றுத் தரையே மைதானம். நாலு கம்பு நட்டால் ரெண்டு கோல் போஸ்ட். மணலில் ஓடிப் பழகிய கால், வலை இழுத்துப் பழகிய தோள். திறமைக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் ஊருக்கு ஒரு டீம், சில ஊரில் தெருவுக்கு ஒரு டீம்! பொங்கலுக்கு டோர்னமென்ட் வைப்பார்கள். பைனலில் தகராறு வரும். மறுநாள் ரெண்டு ஊருக்கும் பேச்சுவார்த்தை நின்றுவிடும். அடுத்த பொங்கலுக்குப் பார்த்தால் டீமில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். ஒருத்தன் ஸ்கூலை விட்டிருப்பான். ஒருத்தன் காண்ட்ராக்ட் கூலியாகப் போயிருப்பான். இன்னொருத்தன் பதினேழு வயசில் டாஸ்மாக் வாசலில் நின்றுகொண்டிருப்பான்.

ஏரி ஒன்று. கிளப்பும் ஒன்றாக இருந்தால் என்ன? இதுதான் இந்தக் கட்டுரையில் நான் கேட்கும் கேள்வி.

பக்கத்திலேயே ஒரு பாடம்

இது நடக்கிற காரியமா என்று சிரிக்காதீர்கள். பொன்னேரியில் மின்சார ரயில் ஏறி பேசின் பிரிட்ஜில் இறங்குங்கள். பக்கம்தான் வியாசர்பாடி. பேப்பரில் ரவுடிச் செய்திக்கு மட்டுமே பெயர் அடிபட்ட பகுதி அது. அங்கே 1990களின் கடைசியில் உமாபதி, தங்கராஜ் போன்ற உள்ளூர் ஆட்டக்காரர்கள் தெருப் பிள்ளைகளைச் சேர்த்துப் பந்து சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். அவர்கள் வைத்த அமைப்பின் பெயர் 'ஸ்லம் சில்ட்ரன் ஸ்போர்ட்ஸ் டேலண்ட் அண்ட் எஜுகேஷன் டெவலப்மென்ட் சொசைட்டி'. நீளமான பெயர்தான். ஆனால் அந்தப் பெயரிலேயே ஆட்டமும் இருக்கிறது, படிப்பும் இருக்கிறது! ஒரு பக்கம் பயிற்சி, இன்னொரு பக்கம் மாலைப் பாடம். பெண் பிள்ளைகளும் அங்கே ஆடுகிறார்கள்.

அந்த வியாசர்பாடியில் வளர்ந்தவர்தான் தனபால் கணேஷ். 2018இல் ஐ.எஸ்.எல். கோப்பையை வென்ற சென்னையின் எஃப்.சி. அணியின் நடுக்கள வீரர். அவரைப் பற்றிப் பேசுவது எல்லாருக்கும் சுலபம். நான் நினைப்பது கோப்பை எதுவும் வாங்காத மற்ற பிள்ளைகளை. சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கே போவது என்று ஒரு இடம் அவர்களுக்கு இருந்ததே, அதுதான் பெரிய வெற்றி!

"அது பட்டணம்டா, நாம கடல்காரங்க" என்று எங்க ஊரில் சொல்வார்கள். சரி, கடல்காரங்களையே பார்ப்போம். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில் தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை என்று வரிசையாக மீனவ ஊர்கள். ஆழ்கடலில் சுறா பிடிக்கப் போகிறவர்கள். 2017 நவம்பரில் ஒக்கிப் புயல் அவர்கள் வீட்டு ஆண்களை வாரிக்கொண்டு போனது. அந்தக் கரையிலிருந்து சந்தோஷ் டிராபி அணிகளுக்கு எத்தனையோ பேர் போயிருக்கிறார்கள். இந்திய அணிக்கு ஆடிய மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறைக்காரர். மீனவன் வீட்டுப் பிள்ளைக்குப் பந்து சரிப்படாது என்று இனி யாராவது சொன்னால் இந்தப் பெயரைச் சொல்லுங்கள்!

பாடு என்றால் என்ன?

ஒன்று சேர்வதற்கு வழி தேடி நாம் வெளியூர் போகவே வேண்டாம். எங்க ஏரியிலேயே அது இருக்கிறது. அதன் பெயர் பாடு.

சாதாரணமாகப் பாடு என்றால் உழைப்பு, கஷ்டம். எங்க ஏரியில் பாடு என்றால் முறை. சில்காவுக்கு அடுத்து இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு ஏரி. ஆனால் இறால் நன்றாகப் படும் இடம் எல்லாப் பக்கமும் கிடையாது. எல்லோரும் ஒரே இடத்தில் வலை கட்டினால் என்ன ஆகும்? வெட்டுக்குத்து ஆகும். அதனால் நம் முன்னோர்கள் முறை வைத்தார்கள். இன்று உன் ஊர், அடுத்தது என் ஊர். நல்ல இடம் எவனுக்கும் நிரந்தரம் இல்லை, மோசமான இடமும் எவனுக்கும் நிரந்தரம் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத காலத்திலேயே இவ்வளவு யோசித்திருக்கிறார்கள்! படித்த நமக்கு ஒரு மைதானத்தை முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளத் தெரியாதா?

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். பாடு எல்லாருக்கும் இடம் கொடுக்கவில்லை. அதில் பெயர் இல்லாத ஊர்கள் உண்டு, பெயர் இல்லாத சாதிகள் உண்டு. இடுப்பளவு தண்ணீரில் பறியைக் கடித்துக்கொண்டு கையால் இறால் தடவும் இருளர் குடும்பங்களுக்கு அதில் பங்கு இல்லை. பெண்களுக்கும் இல்லை. ஆகவே பாட்டிலிருந்து முறையை எடுத்துக்கொள்வோம், வேலியை விட்டுவிடுவோம். பந்துக்கு வைக்கிற பாட்டில் எல்லாப் பிள்ளையின் பெயரும் இருக்க வேண்டும்.

என் யோசனைகள்

1. டீமை ஊர் வாரியாகப் பிரிக்கவே கூடாது. வயசு வாரியாகப் பிரிக்க வேண்டும். 12 வரை, 15 வரை, 18 வரை என்று. ஒவ்வொரு டீமிலும் எல்லா ஊர்ப் பிள்ளைகளும் கலந்து இருக்கட்டும். பக்கத்து ஊர்க்காரன் பாஸ் கொடுத்தால்தான் நீ கோல் போட முடியும் என்றால் எத்தனை நாளைக்கு முறைத்துக்கொண்டு இருப்பாய்?

2. பயிற்சி மைதானம், கேப்டன் பதவி ரெண்டும் பாடு மாதிரி முறை வைத்து மாற வேண்டும்.

3. ஸ்கூலுக்குப் போகிறவனுக்குத்தான் ஜெர்சி. ஸ்கூலை விட்டவனைத் துரத்தக் கூடாது. மறுபடி சேர்த்துவிடுவது கிளப்பின் வேலை.

4. பெண்களுக்கு வாரத்தில் தனி நாள். "பொண்ணு பந்து ஆடறதா?" என்று கேட்கும் பெரியவர்களிடம், இறால் தடவும்போது மட்டும் பொண்ணு தண்ணியில நிக்கலாமா என்று மரியாதையாகக் கேட்போம்.

5. ஜெயிப்பதற்கு மட்டும் புள்ளி போதாது. ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டின் நைரோபி நகரத்தில் மத்தாரே என்று ஒரு பெரிய குடிசைப் பகுதி. 1987இல் அங்கே ஆரம்பித்த இளைஞர் விளையாட்டுச் சங்கத்தில், குப்பை அள்ளும் டீமுக்கும் லீக்கில் புள்ளி கொடுத்தார்கள். விளையாட்டு இல்லை இது! அந்தப் பிள்ளைகளிடமிருந்து உருவான மத்தாரே யுனைடெட் அணி 2008இல் அந்த நாட்டு லீக் சாம்பியனே ஆனது. எங்க ஏரிக்கரையில் கிழிந்த நைலான் வலையும் பிளாஸ்டிக்கும் குவிந்து கிடக்கின்றன. அதை அள்ளும் டீமுக்கு எங்கள் லீக்கிலும் புள்ளி கொடுப்போம்.

6. கணக்கு வெளிப்படையாக இருக்க வேண்டும். தேர்தல் வந்தால் பந்தும் ஜெர்சியும் தானாக வரும். கம்பெனிக்காரர்களும் கொடுப்பார்கள். கொடுப்பதை வாங்கிக் கொள்ளலாம். ஆனால் ஒரு ஊருக்கு ரகசியமாகக் கொடுத்து மற்ற ஊரைப் பார்க்க வைக்கும் பணம் வேண்டாம். வரவு செலவைக் கோயில், மசூதி, சர்ச் மூன்று இடத்திலும் ஒட்டுவோம். நெஞ்சில் கட்சிப் பெயரும் வேண்டாம், கம்பெனிப் பெயரும் வேண்டாம். ஏரியின் பெயர் போதும்.

பந்து சோறு போடுமா?

எங்கப்பா கேட்டார்: "பந்து ஒதைச்சா வலையில மீனு வுழுமா?" நியாயமான கேள்வி. வுழாதுதான். ஆனால் இன்று ஊர் ஊராகப் பிரிந்து நிற்பதால் வலையில் மீன் விழுகிறதா? முகத்துவாரத்தை மணல் மூடினால் எந்தக் குப்பத்துக்கு நஷ்டம்? எல்லாக் குப்பத்துக்கும்தான். எண்ணூர்த் துறைமுகம் 2001இல் வந்தது, பிறகு காட்டுப்பள்ளித் துறைமுகம் வந்தது. கரை அரிப்பையும் ஏரியையும் பற்றிப் பேச ஆபீசர் கூப்பிட்டால் ஊர்கள் ஒரே குரலில் பேச வேண்டும். இருபது வயசு வரை பக்கத்து ஊர்க்காரனை எதிரியாகப் பார்த்து வளர்ந்தவன், முப்பது வயசில் அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து எப்படிப் பேசுவான்? அந்தப் பழக்கத்தைச் சின்ன வயசிலேயே கொடுக்கத்தான் பந்து. ஒரே டீமில் ஆடினவனை வாழ்நாள் முழுக்க 'மச்சான்' என்றுதான் கூப்பிடுவோம்!

நம்மால் என்ன முடியும்?

தோழர்களே, இதைப் படித்துவிட்டு "பாவம் மீனவப் பையன்" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். உங்கள் ஊரிலும் இப்படி நாலு டீம் நாலு பக்கம் நிற்கும். நாம் வெறும் பையில் புத்தகம் தூக்குகிறவர்கள் இல்லை, கையில் தொழில் உள்ளவர்கள். மெக்கானிக்கல் பசங்க ஜி.ஐ. பைப் அறுத்து வெல்டிங் வைத்தால் கோல் போஸ்ட் ரெடி. சிவில் தோழர்கள் டம்பி லெவல் வைத்துப் பார்த்தால் எந்த மேட்டில் மழைத் தண்ணீர் நிற்காது என்று சொல்லிவிடுவார்கள். எலக்ட்ரிக்கல் தோழர்கள் ரெண்டு விளக்கு போட்டால் ஆட்டம் முடிந்ததும் அதே இடத்தில் டியூஷன் நடக்கும். கணக்குப் பாடத்தில் தவிக்கும் ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு நம்மை விட்டால் யார் இருக்கிறார்கள்?

நேரமும் வசதியாகத்தான் இருக்கிறது. ஸ்கூல் லீவு விடும் மே மாதம், விசைப்படகுகளுக்கான 61 நாள் தடைக்காலத்துக்குள்ளேயே (ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை) வருகிறது. காசிமேட்டுக்கு விசைப்படகு வேலைக்குப் போன அண்ணன்மார்களும் அப்போது ஊரில் இருப்பார்கள். ஏரித் தரையும் காய்ந்திருக்கும். ஊர்ப் பெரியவர்களிடம் அனுமதி கேட்டு, ஊருக்கு நாலு பையன், நாலு பெண் பிள்ளை என்று கூப்பிட்டால் போதும், வேலையைத் தொடங்கிவிடலாம். பெரிய பணம் தேவையில்லை.

'ஊர் கூடித் தேர் இழுப்போம்' என்பார்கள். எங்க ஊர்கள் கூடி முதலில் ஒரு பந்தை உருட்டட்டும், தேர் தானாக நகரும். வரும் மே மாதம் மூன்றே மூன்று ஊரோடு முதல் பயிற்சி முகாம் வைக்க நானும் எங்க ஊர் நண்பர்களும் முடிவு செய்திருக்கிறோம். வெல்டிங் தெரிந்தவர்கள், டியூஷன் எடுக்கத் தயாராக இருப்பவர்கள் மெக்கானிக்கல் ரெண்டாம் ஆண்டு வகுப்பில் வந்து என்னைப் பாருங்கள்.

நண்டு வறுவல் எங்க அம்மா பொறுப்பு!