கார்பரேட்டரை மாற்றச் சொல்கிறவர்களுக்கு

கார்பரேட்டர் வைத்த பழைய மாருதி 800-ஐ இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் புதுவையில் கொஞ்சம் பேர் இருக்கிறோம். 796 சிசி, மூன்று சிலிண்டர். மேம்பாலம் ஏறும்போது திணறுகிறது, ஆக்சிலேட்டரை மிதித்தால் குலுங்குகிறது என்று ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் ஒரே பதில்தான்: "கார்பரேட்டர் போச்சு சார், மாத்திடலாம்." பானெட்டைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறார்கள். ஒரு பையன் "கம்ப்யூட்டர் போட்டுப் பார்க்கணும்" என்றான். இந்த வண்டியில் அதை எங்கே சொருகப் போகிறானோ!

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். தெகார்த் 1637-இல் எழுதிய நூலை எங்கள் தலையில் ஏற்றித்தான் அனுப்பினார்கள். சிக்கலைத் துண்டு துண்டாகப் பிரி, எளியதிலிருந்து தொடங்கு என்பார் அவர். பிறகு குமாஸ்தா வேலை. காரணம் எழுதாமல் செலவுக்கு அனுமதி கேட்டு வந்த கோப்பு என் மேசையைத் தாண்டியதில்லை. கார்பரேட்டரை மாற்று என்பதும் அப்படிப்பட்ட கோப்புதான்.

பெட்ரோல் போகும் வழி என்ன பெரிய மர்மமா? டேங்க், குழாய், ஃபில்டர், பம்ப், கார்பரேட்டர். அவ்வளவே. ஸ்பார்க் சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு இந்த வரிசையில் பார்க்க வேண்டியதுதானே? டேங்க் மூடியைத் திறக்கும்போது புஸ்ஸென்று காற்றை இழுக்கிறதா, மூடியைத் தளர்த்தி ஓட்டினால் திணறல் போகிறதா என்று பாருங்கள். போனால் காற்று வழி அடைபட்டிருக்கிறது. ஃபில்டர் விலை குறைந்த சாமான். சந்தேகம் வந்தால் மாற்றிவிடலாம்.

அடுத்தது பாட்டில் சோதனை. எஞ்சின் ஆறியிருக்கும்போது, திறந்த வெளியில், பக்கத்தில் பீடி பிடிப்பவன் யாரும் இல்லாமல் செய்ய வேண்டும். காயில் ஒயரைக் கழற்றிவிட்டு, கார்பரேட்டருக்குப் போகும் ஹோஸை எடுத்து பாட்டிலில் விட்டு, சில விநாடிகள் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பெட்ரோல் விட்டு விட்டுப் பீச்சினால் பம்ப் வரை நலம். அப்புறம் நீடில் வால்வையும் ஜெட்டையும் பார்க்கலாம். அப்போதும் சுத்தம் செய்வதுதான் முதல் வேலை. பீச்சவில்லை என்றால் குற்றம் பம்பிலோ அதற்கு முன்னாலோ இருக்கிறது. கார்பரேட்டரைத் திட்டிப் பயனில்லை. ஆயில் குச்சியை எடுத்து மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் பம்பின் டயாஃப்ரம் கிழிந்திருக்கக்கூடும். அந்த ஆயிலோடு வண்டியை ஓட்டக் கூடாது.

பலரும் தவறவிடுவது டேங்குக்கும் பம்புக்கும் நடுவே உள்ள ரப்பர் ஹோஸை. பம்ப் பெட்ரோலை உறிஞ்சித்தான் இழுக்கிறது. ஆகையால் அந்த ஹோஸில் வெடிப்பு விட்டால் பெட்ரோல் சொட்ட வேண்டும் என்பதில்லை, காற்று உள்ளே போகும். தரையில் ஈரம் இருக்காது, வாசனையும் வராது. சும்மா நிற்கும்போது எஞ்சின் ஒழுங்காக ஓடும். ஏற்றத்தில் காலை வாரும். கொஞ்ச நீள ஹோஸ், இரண்டு கிளிப். இதற்காக எத்தனை நல்ல கார்பரேட்டர்கள் காயலான் கடைக்குப் போயிருக்கும்!

இப்போது பங்கில் போடுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அன்றைய ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. எத்தனால் தண்ணீரை இழுக்கும், டேங்கில் படிந்த பழைய அழுக்கைக் கிளறி ஃபில்டருக்கு அனுப்பும். அதில் ஆக்சிஜன் இருப்பதால் கலவைக்குக் கூடுதல் பெட்ரோல் வேண்டும். புது வண்டியில் கம்ப்யூட்டர் அதைச் சரிக்கட்டும். நம் கார்பரேட்டருக்கு அந்த வசதி இல்லை. இதையெல்லாம் சொல்லி எச்சரிக்க வேண்டியவர்கள் "பழைய வண்டி, வித்துடுங்க" என்கிறார்கள். மாதம் நாலு தடவை கடைத்தெருவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிறவர் எதற்குக் கடன் வாங்கிப் புது கார் வாங்க வேண்டும்?

அடுத்த முறை ஒர்க்‌ஷாப்பில் கார்பரேட்டர் என்று தொடங்கினால், பம்பிலிருந்து பெட்ரோல் எப்படி வருகிறது என்று பார்த்தீர்களா என்று கேளுங்கள். பார்க்கவில்லை என்றால் சாவியை வாங்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போங்கள்.